சனிக்கிழமைக் கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதிய அறிக்கையைத் தறிக்கூடத்து அண்ணன் தம்பியில் மூத்தவரே போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். 38 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேலே கண்ணாடித்தாள். "பாதி புரியல அண்ணாச்சி. புரிஞ்ச பாதி பயமா இருக்கு" என்றார். அவர் போனதும் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அந்தப் பிரதி தபாலில் வரும். பார்த்துவிட்டு உன் அப்பாவிடம் போய் அழாதே. அவன் உடனே எனக்குப் போன் போட்டுச் சண்டைக்கு வருவான்.

இதைப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். உன்னைப் போல நொடித்த கம்பெனியைத் தூக்கி நிறுத்துகிற வேலைக்கு வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். கம்பெனி பெயர் கிடையாது, தொகைகளை மாற்றிவிட்டேன், மூத்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன், பிறகு 60 நாள் நோட்டீஸ், பிறகு பூட்டு என்பதையெல்லாம் திவால் சட்டப் பரீட்சை தேறிய பெண்ணுக்கு நான் ஓதப் போவதில்லை. அந்தப் பக்கங்களில் என் பேனா படவே இல்லை. கரண்ட் கணக்கும் சரி. 2023 மார்ச்சிலிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பதைச் சேர்த்திருக்கிறாய். பழைய 750ஐயே பிடித்துக்கொண்டு கணக்குப் போடும் பெரிய மனிதர்களை இந்த ஊரிலேயே எனக்குத் தெரியும்.

என் வயிற்றெரிச்சல் ஒரு வினைச்சொல்லின் மேல். ‘ஏற்பட்டது.’ எண்ணினேன், 17 இடம். நஷ்டம் ஏற்பட்டது. தாமதம் ஏற்பட்டது. இருப்பில் தேக்கம் ஏற்பட்டது. கடன் சுமை ஏற்பட்டது. கம்பெனிக்கு அம்மை போட்ட மாதிரி எழுதி வைத்திருக்கிறாய். கடன் தானாக ஏற்படுமா? யாரோ ஒரு பேனாவை எடுத்து, யாரோ காட்டிய இடத்தில், மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டால்தானே கடன்?

9ஆம் பக்கத்தைப் பார். ‘2022இல் நூல் விலை உயர்ந்ததால் நஷ்டம் ஏற்பட்டது.’ அந்த வருஷம் மே மாதம் பஞ்சு, கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது நிஜம். (கண்டி என்றால் 356 கிலோ. ஊரிலேயே பிறந்த உனக்கு இது தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.) ஏப்ரலில் மத்திய அரசு 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வருஷக் கடைசிக்குள் மளமளவென்று இறங்கிவிட்டது. விலை ஏறும்போது கோடவுனில் நூல் வைத்திருந்தவன் எவனாவது நஷ்டப்பட்டதுண்டா? இன்னும் ஏறும் என்று உச்சியில் வாங்கி அடுக்கியவன், இறங்கியபோது அடிபட்டான். அப்படியானால் உன் வாக்கியம் காரணத்தையே தலைகீழாகச் சொல்கிறது. நீ ‘ஏற்பட்டது’ போட்ட இடத்தில் ‘யார்’ என்று கேட்டிருந்தால் இந்தத் தப்பு உன் கண்ணிலேயே பட்டிருக்கும்.

நான் கேட்டேன். மூத்தவர் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். "நாந்தான் அண்ணாச்சி. தம்பி வேண்டாம்னு தலைபாடா அடிச்சான். நாந்தான் வாங்கிப் போட்டேன்" என்றார். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, ஊருக்கே தெரியும்" என்றார். ஊருக்கே தெரிந்தது உன் 38 பக்கத்தில் இல்லை. தம்பிக்காரர் இரண்டு வருஷமாக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதும் இல்லை. செக்கில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கம்பெனி அது!

‘ஏற்பட்டது’ குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் 14ஆம் பக்கத்தில். ‘இதர கடன்கள்: 11 லட்சம்.’ வங்கிக் கடனுக்கு நான்கு பக்கம், நூல்காரருக்கு ஒன்றரைப் பக்கம், இந்தப் பதினொரு லட்சத்துக்கு அரை வரி. முங்குகிற கம்பெனியில் ‘இதர’ என்று ஒரு வரியைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வங்கிக்காரன் நோட்டீஸ் ஒட்டுவான். இதரக்காரன், அதாவது கந்துவட்டிக்காரன், வாசலில் வந்து உட்காருவான். 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாயிற்று. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. நீ அப்போது காலேஜில் இருந்திருப்பாய்.

முதலாளி எந்தக் காலத்திலும் கடைசிக் கடனைச் சொல்ல மாட்டார், அது வெட்கம். பேரேட்டிலும் இருக்காது. அதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: அவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடிப்பது. காபி கொண்டுவந்து வைக்கிற கையைப் பார்ப்பேன். வளையல் இருந்த இடத்தில் வெளுத்த தடம் இருக்கிறதா, கழுத்தில் சங்கிலியா, மஞ்சள் கயிறு மட்டுமா? பாலன்ஸ் ஷீட்டில் ஒளிந்திருப்பது அங்கே வெளியே வந்துவிடும். நீ பெண்பிள்ளை. நான் கூடத்திலிருந்து பார்த்ததை நீ அடுக்களையில் உட்கார்ந்தே கேட்டுவிடலாம். கேட்காமல் ‘இதர’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாய்.

இரண்டாவது குற்றம் உன் பணவரவு அட்டவணை. மாதக் கட்டங்கள் பன்னிரண்டு, கலர் கலராக. தறிக்கூடத்தில் மாதம் என்று ஒன்று கிடையாது, சனிக்கிழமைதான் உண்டு. ஜூலை மாதக் கட்டத்தில் ‘உபரி 42,000’ என்று பச்சையில் காட்டுகிறாய். வரவு 28ஆம் தேதி, சனிக்கிழமைகள் அதற்கு முன்னாலேயே நான்கு. அந்தப் பச்சைக்குள்ளேயே கம்பெனி செத்துப்போய்விடும், உன் கட்டத்துக்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1996 ஆடி மாதம் நானே ஒரு கூடத்தைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன். ராஜபாளையத்தில் மில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், இங்கே வந்து நொடித்த தறிக்கூடங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கிய நேரம். எல்லா டாக்டரையும் பார்த்து முடித்தபின் நம் ஊர்க் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணுக்கு வருகிற மாதிரி, கடைசியாக என்னிடம் வருகிறார்கள் என்று ஊரில் எனக்குப் ‘புற்றுமண்’ என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தக் கூடத்தில் 24 தறி. மதுரைப் பார்ட்டியிடமிருந்து அறுபதாயிரம் ரூபாய் வசூல் வந்தது. வங்கி மேனேஜர் முகம் சிணுங்காமல் இருக்க வேண்டும் என்று முழுவதையும் சி.சி. கடன் கணக்கில் கட்டிவிட்டேன். கூலியை ஆடித் தபசுத் திருவிழா கழிந்து திங்கட்கிழமை தருவதாகச் சொன்னேன். நெசவாளிகள் முணுமுணுத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். முன்பணம் வாங்கியவர்கள், எங்கே போவார்கள்? ஊடைக்குத் தார் சுற்றுகிற பெண்கள் ஆறு பேர். அவர்களுக்கு யார் முன்பணம் கொடுத்தார்? ஆறு பேருக்கும் சேர்த்துப் பாக்கி 1,140 ரூபாய். ஆடித் தபசு வாரம், வீட்டில் விருந்தாள், பிள்ளைகள் ராட்டினத்துக்கும் மிட்டாய்க்கும் கையை நீட்டுகிற நேரம். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு பேரும் அடுத்த தெருக் கூடத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாவு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, நெசவாளி தறியடியில் நிற்கிறான், நாடாவுக்குள் போட ஒரு தார் இல்லை. நான்கு நாள் அந்தக் கூடத்தில் சத்தமே இல்லை. ஓடுகிற தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று சலித்துக்கொள்கிறோமே, ஓடாத தறியின் அமைதி என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சரக்குப் பிந்தியது, பார்ட்டி ஆர்டரை ரத்து செய்தார். நான் அந்தப் பெண்களைக் கூப்பிடப் போனேன். அதில் மூத்தவள் ராட்டையிலிருந்து கையை எடுக்காமலே, "பேங்குக்குக் கட்டிட்டீங்களாமே ஐயா. நல்லாருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு வாங்கினதுதான் நாற்பது பக்க நோட்டு. இன்றுவரை ஒவ்வொரு கம்பெனிக்கும் புதிதாக ஒன்று வாங்குகிறேன். முதல் பதின்மூன்று பக்கம் பதின்மூன்று சனிக்கிழமை. இடது பக்கம் அன்று காலையில் கையில் உள்ள ரொக்கம். வரப்போவது அல்ல, உள்ளது. வலது பக்கம் கொடுக்க வேண்டியவர்கள், தொகை வரிசையில் இல்லாமல், யார் நின்றால் தறி நிற்கும் என்ற வரிசையில். முதலில் தார் சுற்றுகிறவர்கள். பிறகு நெசவுக் கூலி, பிறகு மேஸ்திரி, பிறகு சைசிங்காரர் (பாக்கி வைத்தால் ஒரு பீம் வெளியே வராது), பிறகு கரண்ட் பில், பிறகு நூல். வங்கி கடைசி. நீ வங்கியை முதலில் போட்டிருக்கிறாய், தொகை பெரிது என்பதால். வங்கி 90 நாள் பொறுக்கும் என்று ரிசர்வ் வங்கியே எழுதி வைத்திருக்கிறது. தார் சுற்றுகிறவள் இத்தனை நாள் பொறுப்பாள் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தில் மட்டும் எந்தச் சனிக்கிழமையும் கை வைக்காதே, அது நேரே ஜெயிலில் கொண்டு விடும்.

மாமா சின்னக் கூடத்தை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசுகிறார் என்று நினைப்பாய். சத்யம் கம்ப்யூட்டர்ஸை எடுத்துக்கொள். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வருகிறது. 5,361 கோடி என்று கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று. சில நாளில் அரசாங்கம் பழைய போர்டைக் கலைத்துவிட்டுத் தீபக் பரேக், கிரண் கார்னிக், அச்சுதன் என்று மூன்று பேரைப் போட்டது. பின்னாலேயே வந்த மூன்று பேரில் ஒருவர் நம் சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன். வழக்கு, அமெரிக்கா, செபி, போலீஸ் எல்லாம் வாசலில் நிற்கிறது. அவர்கள் தலையில் முதலில் விழுந்த கேள்வி, சுமார் 53,000 பேருக்கு அந்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது. வாடிக்கைக் கம்பெனிகளிடம் வர வேண்டிய பாக்கியை விரட்டினார்கள், வங்கிகளிடம் 600 கோடி கடன் வாங்கினார்கள். ஆட்கள் கலையவில்லை. ஏப்ரலில் டெக் மஹிந்திரா வாங்க வந்தபோது வாங்குவதற்கு ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுக்கு அது மாதக் கடைசி, எனக்குச் சனிக்கிழமை.

30ஆம் பக்கத்தில் நீ பரிந்துரைக்கிற முன்கூட்டிய தீர்வுத் திட்டம் எனக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். சிறுதொழிலுக்கென்று 2021இல் வந்தது. மூத்தவர் பிரைவேட் லிமிடெட் ஆக்கி வைத்ததால் அந்த வாசல் அவருக்குத் திறக்கும். மற்றபடி நம் ஊர்க் கூடங்கள் பெரும்பாலும் தனியாள், இல்லையென்றால் பார்ட்னர்ஷிப். எங்கள் காலத்தில் நொடித்த கம்பெனிகளுக்கு இருந்த பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்தில் சிறுதொழிலுக்கு இடமே கிடையாது. பெரிய மில்கள் அதற்குள் போய் வருஷக்கணக்கில் படுத்துக்கிடந்தன, மிஷின் துருப்பிடிக்கும்வரை. உன் சட்டம் அதைவிட மேல்தான். சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற விதியை மதுரைக் கடைக்காரர்களிடம் காட்டு என்கிறாயே, அதை மட்டும் பார்த்துச் செய். "அப்பம் ரெஜிஸ்டர் பண்ணாத ஆள்ட்ட வாங்கிக்கிடுதேன்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

இனி 23ஆம் பக்கம்.

அதைப் படித்துவிட்டு எழுந்து முற்றத்தில் கொஞ்சம் நடந்தேன். இருப்புப் பட்டியலில் 1,860 சேலை. நீ கோடவுனுக்குள் போய் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, மடிப்பை விரித்துப் பார்த்திருக்கிறாய். மேலே இரண்டு சேலை புதுசு, உள்ளே மூன்று வருஷத்துப் பழைய டிசைன், மடிப்பு ஓரத்தில் சாயம் வெளுத்துக் கோடு விழுந்தது. எந்தக் கட்டில் எத்தனை, எந்த வருஷத்துக் கரை, எதை ஆடித் தள்ளுபடிக்குக் கழிக்கலாம், எது துடைக்கிற துணிக்குத்தான் ஆகும் என்று எழுதிவிட்டு, இருப்பின் மதிப்பில் பாதியைக் கூசாமல் அடித்துப் போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் ஒரு ‘ஏற்பட்டது’ கூட இல்லை, கவனித்தாயா? ‘நான் பிரித்தேன், நான் எண்ணினேன்’ என்று இருக்கிறது. வங்கி ஆபீசர்கள் வாசலில் நின்று கட்டை எண்ணிவிட்டுப் போன கோடவுன் அது. இந்தத் தொழிலில் நான் எழுதின எந்தக் காகிதமும் அந்த ஒரு பக்கத்துக்கு உறை போடக் காணாது. என் வாத்தியார் இருந்திருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அவர் யாரையும் பாராட்டியதே கிடையாது, என்னையும் சேர்த்து.

அதை எழுதின கைதான் 14ஆம் பக்கத்தையும் எழுதிற்று என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு. காலையில் இங்கே இறங்கிவிடலாம். லாப்டாப் வேண்டாம், நோட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் தேதியும் போட்டாயிற்று. மூன்று மணிக்குக் கூலி போடுவார்கள், அதற்கு முன்னால் கூடத்தில் இருக்க வேண்டும். தம்பிக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலைக் காபிக்கு நீ வருவாய் என்று மூத்தவர் வீட்டம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தனியாகப் போ.

இப்படிக்கு,
மாமா
சங்கரன்கோவில்