பால் குறைந்ததா, வால்வு தளர்ந்ததா?

குறைமாதக் குழந்தைக்காகப் பம்ப் மூலம் தாய்ப்பால் எடுக்கும் தாய்மார் சிலர், சில வாரங்களில் “பால் வற்றிவிட்டதே” என்று கலங்குகின்றனர். அவ்வேளையில் நாங்கள் தாயைப் பரிசோதிப்பதோடு, பம்பின் வால்வையும் பார்க்கிறோம்.

வால்வு ஒரு சிறிய சிலிக்கான் உறுப்பு. ஒவ்வோர் இழுப்பிலும் அது இறுக மூடினால்தான் உறிஞ்சுவிசை பிறக்கும். அதன் பிளவு தளர்ந்தால், மோட்டார் ஓடினாலும் பால் முழுமையாக வெளிவராது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பும் நாளடைவில் குறையும். ஆகவே வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளவு திறந்தே நின்றாலோ கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். நாள்தோறும் பலமுறை பால் எடுப்போர் ஓரிரு மாதங்களிலேயே மாற்ற நேரலாம். பம்புடன் வந்த கையேடு கூறும் காலத்தைப் பின்பற்றுங்கள்.

தூய்மையும் அவ்வளவே முக்கியம். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தையைத் தாக்கிய குரோனோபாக்டர் கிருமி, தாயின் பம்பிலும் காணப்பட்டது. எனவே பால் படும் உறுப்புகளை ஒவ்வொரு முறையும் கழற்றி, அதற்கென வைத்த பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவுங்கள். நாளுக்கொரு முறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். உப்பு நீர் வெண்படலம் படியச் செய்யும், குடிநீரையே பயன்படுத்துங்கள். நம் தூத்துக்குடியின் ஈரமான கடற்காற்றில் உறுப்புகள் உலரத் தாமதமாகும். முழுதும் உலராமல் டப்பாவில் மூடாதீர்கள். குழாயில் பூஞ்சை தென்பட்டால் அதனை அகற்றிவிடுங்கள்.

வால்வை மாற்றியும் பால் பெருகவில்லையெனில், தயங்காமல் எங்களிடம் வாருங்கள்.