கூட்டல் ஒன்றுதான், நேரம் ஏன் வேறு?

4096 நிரை, 4096 நிரல் கொண்ட ஓர் அணி. அதிலுள்ள முழு எண்களைக் கூட்ட, சி மொழியில் இரண்டு புரோகிராம்கள் எழுதுங்கள். ஒன்று நிரை நிரையாகக் கூட்டட்டும். மற்றது நிரல் நிரலாக. விடை ஒன்றே. கூட்டப்படும் எண்களும் அதே 1,67,77,216 தான். ஆனால் இரண்டாவது மிகவும் பின்தங்கிவிடும்! ஏன்?

நினைவகம் தொலைவிலுள்ள கிடங்கு என்றால், செயலியின் அருகிலுள்ள சிறு அலமாரிதான் 'கேஷ்'. 1968இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 மாடல் 85 கணிப்பொறியிலேயே இது இருந்தது. கேட்ட எண் அலமாரியில் இல்லையென்றால் அது ஒரு 'கேஷ் மிஸ்'. உடனே கிடங்கிலிருந்து 64 பைட் கொண்ட ஒரு கட்டு வரும். எண்ணுக்கு 4 பைட். ஆக, கட்டுக்கு 16 எண்கள்.

சி மொழியில் ஒரு நிரையின் எண்கள் அடுத்தடுத்து இருக்கும். நிரைவழி சென்றால் 16 எண்ணுக்கு ஒரு மிஸ். நிரல்வழி சென்றால் ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு கட்டு. ஒரு நிரலை முடிக்க 4096 கட்டுகள், அதாவது 256 கிலோபைட். முதல்நிலைக் கேஷோ பல செயலிகளில் 32 கிலோபைட்தான்! அடுத்த நிரலுக்கு வருமுன் பழைய கட்டு வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

இதை எண்ணியே பார்த்துவிடலாம். செயலிக்குள் இதற்கென்றே எண்ணிகள் உண்டு. லினக்சில் 'பெர்ஃப்' என்னும் கருவி அவற்றைப் படித்துச் சொல்லும். (கம்பைலரின் மேம்படுத்தலை நிறுத்திவையுங்கள். கெட்டிக்காரக் கம்பைலர் உங்கள் வரிசையையே மாற்றிவிடக்கூடும்!) நிரைவழிக்கு 10,48,576 மிஸ்களை எதிர்பார்ப்போம். அதைவிடக் குறைந்தால் திகைக்காதீர்கள். அடுத்த கட்டை ஊகித்து முன்கூட்டியே வரவழைக்கும் சாமர்த்தியம் செயலிக்கு உண்டு.

இதையே ஃபோர்ட்ரானில் எழுதினால் முடிவு தலைகீழாகும். அங்கே அடுத்தடுத்து இருப்பவை நிரலின் எண்கள்.