மேற்குச் சுவரைக் கேளுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

தென்காசியில் குழந்தை மருத்துவராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் இன்னும் சாரலைப் பார்க்கவில்லை. ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கினால் ஊரே குற்றாலத்தைப் பார்த்துக் குதூகலிக்கும், உங்கள் ஓ.பி.யில் இழுப்போடு வரும் பிள்ளைகள் கூடுவார்கள். பெரும்பாலும் சளி வைரஸ்தான் அதைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் நெபுலைசர் வைத்து அனுப்பிய பிள்ளை மறுவாரமும் வந்தால், மருந்தைக் கூட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி பிள்ளைய எந்தச் சுவர் ஓரமாப் படுக்க வைக்கிறீங்க?"

வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். தன் வீடு அழுக்கு என்று டாக்டரிடம் ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? "சுவர் ஓதம் காக்குதா?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கம் சாரல் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கிறது; மேற்குச் சுவர் நாள்கணக்கில் நனைகிறது. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு போடாத பழைய வீடுகளில் தரையிலிருந்தும் ஓதம் இடுப்பளவு ஏறிவிடும். படுக்கையோ தரையில், பாயில். கைப்பிள்ளையைச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டுத் தாய் வெளிப்பக்கம் படுப்பாள். ஆக, பூசணம் கறுத்த இடத்துக்குச் சாண் தூரத்தில் பிள்ளையின் மூக்கு, விடியும்வரை.

கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் போகப் போகச் சாரல் மெலிந்து வெறுங்காற்றாகிவிடும். அங்கிருந்து வரும் தாயிடம் பீடி சுற்றுகிறாரா என்று முதலில் கேளுங்கள். நனைத்துச் சாக்கில் சுற்றிய இலையும் புகையிலைத்தூளும் பிள்ளை தூங்கும் அறையிலேயே இருக்கலாம்.

பூசண வித்துகள் சில மைக்ரான் அளவுதான். மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை வீங்கிச் சுருங்க வைக்கின்றன. ஈர வீட்டில் தூசி உண்ணிகளும் பெருகும். சுவரில் இருப்பது அஸ்பெர்ஜில்லஸா கிளாடோஸ்போரியமா என்று பரிசோதிக்கச் சொல்லிப் பணத்தைக் கரைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல், இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று எந்த அளவையும் வகுக்கவில்லை. ஈரத்தை நிறுத்து என்பதுதான் அதன் சாரம்.

தாயைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. சுவர்ப் பூஞ்சை பற்றிப் பெற்றோர் பலமுறை முறையிட்டும், அவர்கள் வாழும் விதம்தான் காரணம் என்று வீட்டைக் கொடுத்த நிறுவனம் கருதியிருந்தது. நெடுநாள் பூஞ்சையில் இருந்ததால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. 2023இல் அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. நம் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. உங்கள் மருந்துச்சீட்டு உண்டு.

அதில் என்ன எழுதலாம்? பாயை உள்சுவர்ப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இழுத்துப் போடச் சொல்லுங்கள். சாரல் நாளில் துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடுவதுதான் கடினமான சங்கதி. வேறு இடம் இல்லாதவரிடம் 'போடாதே' என்று சொல்லிப் பயனில்லை. பகலில் போட்டு ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். பூசணத்தை உலர்ந்தபடி சுரண்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, சோப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கலந்துவிடாமல் எச்சரியுங்கள், நச்சு வாயு கிளம்பும். ஈரச் சுவரின்மேல் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, பெயின்ட் கொப்பளித்து உரியும். நம் பெரியவர்கள் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு எவ்வளவோ மேல்: காரத்தன்மையில் பூசணம் எளிதில் வளராது, சுவரும் மூச்சுவிடும்.

தலைக்குக் குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதையும் மூடிய அறையில் கொசுவத்தியையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிகள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். சுவரைப் பற்றிப் பேசிய உற்சாகத்தில் இன்ஹேலரை மறந்துவிடாதீர்கள். பழகிவிடும் என்ற பயத்தில் அதை ஒளித்துவைக்கும் வீடுகள் இங்கே நிறைய.

வீட்டுக்காரரிடம் பேசத் தயங்கும் குடும்பத்துக்கு, வெளிப்பூச்சின் விரிசலை அடைக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். சித்திரைக்குள் கொடுத்துவிடுங்கள், சுவர் காய்ந்திருக்கும்போதுதான் கொத்தனார் கரண்டியை எடுப்பார்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா