சோற்றையும் பருப்பையும் பிரிக்காதீர்கள்

அன்புள்ள வாசகிக்கு,

சர்க்கரை நோயுள்ள உங்கள் அம்மாவுக்கு மதியம் வெறும் ரசம் சாதமும், இரவில் சாதமே இல்லாமல் பருப்பும் முட்டையும் கொடுத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தால் வயிற்றில் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னார்களாம். மூன்று மாதத்தில் அம்மா மெலிந்துவிட்டார் என்ற உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை உலகெங்கும் பரப்பியவர் வில்லியம் ஹோவர்ட் ஹே என்ற அமெரிக்க மருத்துவர். போன நூற்றாண்டின் முற்பகுதிக்காரர். புரதம் செரிக்க அமிலம் வேண்டும், மாவுச்சத்துக்குக் காரத்தன்மை வேண்டும், இரண்டும் ஒரே வேளையில் கூடாது என்றார். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் செரிமானத்தில் பெரும்பங்கு சிறுகுடலில்தான் நடக்கிறது. மாவைச் செரிக்கும் அமைலேஸ், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின், கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் மூன்றையும் கணையம் ஒரே நீரில் கலந்துதான் அனுப்புகிறது. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் கூடவே வருகிறது.

பிரிக்கத்தான் முடியுமா, சொல்லுங்கள். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். மாவுச்சத்து அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அரிசியும் உளுந்தும் ஒன்றாகப் புளித்த இட்லியை என்ன செய்வீர்கள்? புரதத்தின் கூறுகளைப் பார்த்தாலும், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு; ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

நீங்கள் யோசிக்க வேண்டியது எதை முதலில் சாப்பிடுவது என்பதைத்தான். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், கால் மணி நேரம் கழித்து ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை, வரிசையை மாற்றிச் சாப்பிட்ட நாளைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கச் செலவில்லை.

என் அம்மாவுக்கு இப்படித்தான் பரிமாறினேன். தட்டில் முதலில் அவரைக்காய்ப் பொரியலும் ஒரு கிண்ணம் சுண்டலும் மட்டும். சாதத்தைப் பானையிலேயே மூடி வைத்துவிடுவேன். முதல் வாரம் "சோறு எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுண்டல் தீர்ந்த பிறகு ஒரு கரண்டி சாதம், அதன்மேல் கெட்டியாகப் பருப்பு. இரண்டாவது கரண்டியை அவரே வேண்டாம் என்றுவிடுவார்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மெலிந்ததற்கு உணவு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்கு மீறினாலும் உடம்பு இளைக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையோடு சிறுநீரகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதம் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரவில் சாதத்தை நிறுத்தியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.

அடுத்த கடிதத்தில் அம்மாவின் எடையை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி