பொம்மையைப் பார்ப்பது யார்?

மேஜைமேல் ஒரு பொம்மை இருக்கிறது. அதன் கண்களைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். எதிரே ஒரு குழந்தை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை. அதனிடம் ஓர் ஆராய்ச்சியாளர் கேட்கிறார்: "இஸ் திஸ் டால் ஈஸி டு ஸீ ஆர் ஹார்ட் டு ஸீ?"

பொம்மை கண்ணெதிரே நன்றாகத் தெரிகிறது. ஆகவே "ஈஸி டு ஸீ" என்பதுதான் சரியான விடை. ஆனால் குழந்தை "ஹார்ட் டு ஸீ" என்கிறது. ஏன் என்று கேட்டால், கண்ணைக் கட்டியிருக்கிறதே என்று காரணமும் சொல்கிறது. அப்படியானால் பொம்மையை "ஈஸி டு ஸீ" ஆக்கிக் காட்டு என்றால், சட்டென்று கண்கட்டை அவிழ்த்துவிடுகிறது!

இந்தச் சோதனையைச் செய்தவர் அமெரிக்க மொழியியலாளர் கரோல் சாம்ஸ்கி. 5 முதல் 10 வயது வரையுள்ள 40 குழந்தைகளிடம் இதையும் இதுபோன்ற வேறு சில சோதனைகளையும் செய்து, 1969-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகள் தவறாகச் சொன்னார்கள். ஒன்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். இடைப்பட்ட வயதினரில் இரு சாராரும் இருந்தனர். பள்ளிக்கூடம் போகும் முன்பே குழந்தை தன் தாய்மொழியின் இலக்கணத்தை முழுவதும் கற்றுவிடுகிறது என்று அதுவரை பலர் கருதிவந்தார்கள். அந்தக் கருத்தை இந்தப் பொம்மை அசைத்துவிட்டது.

ஆங்கிலக் குழந்தைக்கே ஏழெட்டு வயதுவரை பிடிபடாத இந்த அமைப்பு நமக்குச் சிக்கல் தருவதில் வியப்பில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவை கரோலின் கணவர் நோம் சாம்ஸ்கி 1960-களில் எடுத்துக்காட்டிப் புகழ்பெற்றவை.

"ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்."
"ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்."

வார்த்தைக்கு வார்த்தை ஒரே வரிசை. பள்ளி இலக்கணப்படி பிரித்தாலும் எழுவாய், வினை, ஒரு பெயரடை, பின்னால் "டு" சேர்ந்த வினை என்று இரண்டும் ஒன்றுபோலவே பிரியும். ("டு" சேர்ந்த இந்த வடிவத்தை இன்ஃபினிடிவ் என்று படித்திருப்பீர்கள். செய்ய, போக, பார்க்க என்று வரும் நம் செயவென் எச்சத்துக்கு இது நெருங்கிய உறவு.) ஆனால் பொருளைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஜான் பிறரை மகிழ்விக்க ஆவலாக இருக்கிறான், மகிழ்விப்பவன் ஜான். இரண்டாவதில் ஜானை மகிழ்விப்பது எளிது; மகிழ்விப்பவர் வேறு யாரோ, மகிழ்பவன்தான் ஜான். அதாவது ஒன்றில் ஜான் செயலைச் செய்கிறான். மற்றதில் செயல் அவன்மேல் வந்து விழுகிறது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளமைப்பு வேறாக இருக்கலாம் என்று சாம்ஸ்கி வாதிட்டதற்கு இந்த ஜோடி நல்ல சான்றாக அமைந்தது.

வேறுபாட்டை உண்டாக்குவது நடுவில் நிற்கும் பெயரடை ஒன்றுதான். ஈகர், ஆங்ஷியஸ், வில்லிங், ஏபிள், அஃப்ரெய்ட் போன்றவை ஒரு சாதி. இவை எழுவாயின் மனநிலையையோ திறமையையோ சொல்லுகின்றன. செயலைச் செய்பவரும் அந்த எழுவாயே. ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், இம்பாஸிபிள், டேஞ்சரஸ், ப்ளெஸன்ட் ஆகியவை மற்றொரு சாதி. இவை உண்மையில் எழுவாயைப் பற்றியவை அல்ல; செயலைப் பற்றியவை. எளிதாக இருப்பது ஜான் அல்ல, அவனை மகிழ்விப்பது.

எது எந்தச் சாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியத்தை "இட் இஸ்" என்று தொடங்கி மாற்றிப் பாருங்கள். "இட் இஸ் ஈஸி டு ப்ளீஸ் ஜான்" என்பது நல்ல ஆங்கிலம். "இட் இஸ் ஈகர் டு ப்ளீஸ் ஜான்" என்றால் வாக்கியம் உளறுகிறது. தமிழிலேயே இன்னொரு சோதனையும் உண்டு. எழுவாயோடு "ஐ" உருபைச் சேர்த்துப் பாருங்கள். "பொம்மையைப் பார்ப்பது எளிது" என்று பொருள் வந்தால் அது ஈஸியின் சாதி. நம் மொழியில் வேற்றுமை உருபு இருப்பதால் செய்பவர் யார், செயப்படுபொருள் எது என்பது பெரும்பாலும் ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் பழைய வேற்றுமை விகுதிகளில் பெரும்பாலானவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்த்துவிட்டன. அந்த வேலையைச் சொற்களின் வரிசைதான் பார்க்கிறது. வரிசையும் ஒன்றாகிவிட்டால் பெயரடையைத்தான் நம்ப வேண்டும்.

உருபு இல்லாவிட்டால் தமிழும் தடுமாறும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். "கோழி தின்னத் தயார்" என்றால் என்ன? கோழி தானியம் கொத்தத் தயாராக நிற்கிறதா? அல்லது குழம்பாகித் தட்டில் காத்திருக்கிறதா? ஆங்கிலத்தில் "தி சிக்கன் இஸ் ரெடி டு ஈட்" என்பதும் இதேபோல் இரண்டு பொருள் தரும். "ரெடி" என்ற சொல் இரண்டு சாதியிலும் சேர்ந்துகொள்ளும் பச்சோந்தி. கோழிக்கு எது நல்லது என்பதைச் சூழ்நிலைதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி நம் மாணவர்கள் வழுக்கும் இடத்துக்கு வருவோம். பாடம் புரியவில்லை என்று சொல்ல நினைக்கும் மாணவர் "ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்" என்கிறார். கேட்பவர் புரிந்துகொள்வது: "என்னைப் புரிந்துகொள்வது கடினம்." வேலைக்கான நேர்முகத் தேர்வில், பெயர்கள் தமக்கு எளிதில் மறந்துபோகும் என்ற எண்ணத்தில் ஒருவர் "ஐ ஆம் ஈஸி டு ஃபர்கெட்" என்று சொன்னால், "என்னை எளிதில் மறந்துவிடலாம்" என்று அவரே தேர்வாளருக்கு யோசனை கூறியதாகிவிடும்! 

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? தமிழில் "எனக்குப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கிறது" என்கிறோம். அந்த "எனக்கு" என்பதை மொழிபெயர்க்கும்போது "ஐ" என்று எழுவாயாக்கிவிடுகிறோம். நான்காம் வேற்றுமையின் "கு" உருபுக்கு இங்கே பொருந்துவது "ஃபார்". "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மி டு அண்டர்ஸ்டாண்ட் தி லெஸன்" என்றால் பழி பாடத்தின்மேல் போய்விடும். "தி லெஸன் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மி டு அண்டர்ஸ்டாண்ட்" என்றும் சொல்லலாம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. "திஸ் ஸம் இஸ் ஈஸி டு டூ இட்" என்று கடைசியில் ஓர் "இட்" ஒட்டவைப்பது பலரின் வழக்கம். அது வேண்டாம். அந்த இடத்தில் இருக்க வேண்டிய செயப்படுபொருள்தான் எழுவாயாகி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டதே. அதே ஆளுக்கு இரண்டு நாற்காலி எதற்கு? ஆனால் "ஆன்", "இன்", "வித்" போன்ற முன்னிடைச் சொல் அங்கே இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. "திஸ் சேர் இஸ் கம்ஃபர்ட்டபிள் டு ஸிட் ஆன்." "தி ரிவர் இஸ் டேஞ்சரஸ் டு ஸ்விம் இன்." வாக்கியம் பாதியில் நின்றதுபோல் தோன்றினாலும் முடிவு அதுதான்.

விதிக்கு அடங்காத பிள்ளையும் உண்டு. "ஜான் இஸ் இம்பாஸிபிள் டு ப்ளீஸ்" என்பது சரி. ஆனால் அதன் எதிர்ச்சொல்லை வைத்து "ஜான் இஸ் பாஸிபிள் டு ப்ளீஸ்" என்று சொல்வதில்லை. "இட் இஸ் பாஸிபிள் டு ப்ளீஸ் ஜான்" என்றே சொல்ல வேண்டும். "ஐ ஆம் பாஸிபிள் டு கம்" என்பதும் தவறு. அங்கே வேண்டியது "ஏபிள்".

கைண்ட், ஃபூலிஷ், வைஸ் போன்ற குணம் குறிக்கும் சொற்களோடு "ஃபார்" வராமல் "ஆஃப்" வரும். "இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்." கருணை வந்தவரிடமிருந்தே பிறக்கிறது என்பதால் "ஆஃப்" என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். "குட்" என்ற சொல்லோ இரண்டையும் ஏற்கும், பொருள்தான் மாறும். "இட் இஸ் குட் ஃபார் யூ டு வாக்" என்றால் நடப்பது உங்கள் உடம்புக்கு நல்லது. "இட் இஸ் குட் ஆஃப் யூ டு வாக் வித் ஹிம்" என்றால் அவரோடு நடந்து செல்லும் நீங்கள் நல்லவர். க்ளாட், ஸாரி போன்ற சொற்களில் தொல்லை இல்லை. "ஐ ஆம் க்ளாட் டு மீட் யூ" என்பதில் மகிழ்ச்சிக்குக் காரணமே பின்னால் வரும் செயல், செய்பவரும் எழுவாயே.

"டூ" சேர்ந்தால் மட்டும் கவனம் தேவை. நம்மில் பலர் அதை "வெரி" என்பதற்குப் பதிலாகப் போடுகிறார்கள். "தி டீ இஸ் வெரி ஹாட்" என்றால் தேநீர் மிகச் சூடு, ஊதி ஊதிக் குடிக்கலாம். "தி டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்" என்றால் குடிக்க முடியாத அளவு சூடு. வாக்கியத்தில் "நாட்" இல்லை. ஆனாலும் மறுப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. இங்கும் அதே இரு சாதிப் பிரிவு தலைகாட்டும். "தி சைல்ட் இஸ் டூ யங் டு ட்ராவல் அலோன்" என்பதில் பயணம் செய்ய வேண்டியது குழந்தை. "தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்" என்பதில் பெட்டி எதையும் தூக்கப்போவதில்லை.

1970-இல் வெளியான ஓர் ஆய்வில், ரிச்சர்ட் குரோமர் என்பவர் ஓநாய், வாத்து ஆகிய இரண்டு கைப்பொம்மைகளைக் குழந்தைகளிடம் கொடுத்தார். "தி உல்ஃப் இஸ் க்ளாட் டு பைட்" என்றாலும், "தி டக் இஸ் ஃபன் டு பைட்" என்றாலும் சின்னக் குழந்தைகள் பெயர் சொல்லப்பட்ட பொம்மையைக் கொண்டே மற்றதைக் கடிக்கவைத்தன. முதலில் சொன்ன பெயரே செய்பவர் என்பது அவர்கள் கணக்கு. பெரிய குழந்தைகள்தாம் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் ஓநாயை விட்டு வாத்தைக் கடிக்கவைத்தார்கள்.

நீங்களும் முயன்று பாருங்கள். கீழ்க்காணும் நான்கிலும் செயலைச் செய்வது எழுவாயா, வேறு ஒருவரா?

1. தி டீச்சர் இஸ் ஈஸி டு டாக் டு.
2. தி பாய் இஸ் அஃப்ரெய்ட் டு ஆஸ்க்.
3. திஸ் பென் இஸ் நைஸ் டு ரைட் வித்.
4. தி ஃபிஷ் இஸ் டூ ஸ்மால் டு ஈட்.

விடை: இரண்டாவதில் மட்டும் எழுவாயே செய்பவர். முதலாவதிலும் மூன்றாவதிலும் செய்பவர் வேறு ஒருவர். நான்காவதை வகுப்பில் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மீன் தட்டில் கிடக்கிறதா, தொட்டியில் நீந்துகிறதா என்பதைப் பொறுத்து அதற்கு இரண்டு விடைகள் உண்டு.