நோயுற்ற கால்நடைக்குப் பொருளுதவி: மதுரை ஜில்லாக் குடியானவர்கள் அறிய வேண்டியவை

மதுரை ஜில்லாவில் வைகைப் பாசனத்தை நம்பிய ஊர்களிலும், 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் பாயும் மேலூர்ப் பக்கத்திலும், வானம் பார்த்த பூமியாகிய உசிலம்பட்டி, பேரையூர்ப் பகுதிகளிலும் ஒரு கறவை மாடோ நாலு ஆடோ இல்லாத குடியானவர் வீடு அரிது. மழை பொய்த்த ஆண்டில் வீட்டுச் செலவைத் தாங்குவது பெரும்பாலும் அதுவே. அத்தகைய மாடு ஒன்று இரவில் தீனி எடாமல் வயிறு உப்பிப் படுத்துவிடுமாயின், உடையவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் வழிகள் மூன்று. வட்டிக்குப் பணம் வாங்கித் தனி வைத்தியரை அழைப்பது ஒன்று. மூங்கில் கொட்டத்தில் நாட்டு மருந்தை ஊற்றிவிட்டு விடியுமட்டும் காத்திருப்பது மற்றொன்று. உயிர் இருக்கும்போதே அடிமாட்டு வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவது மூன்றாவது. அநியாய வட்டி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தும், அவசரத்தில் கை நீட்டுகிறவர் சட்டத்தை நினைப்பதில்லை. கொட்டத்தில் ஊற்றும் மருந்தோ, மூச்சு முட்டும் மாட்டுக்கு நுரையீரலில் இறங்கிவிட்டால் நோயினும் விரைவாகக் கொன்றுவிடும்.

சர்க்கார் உதவி இல்லையென்று சொல்வதற்கில்லை. அதன் தன்மை சரிவர அறியப்படாமையே குறை. நோய் கண்ட அன்று ரொக்கமாகக் கையில் கிடைக்கும் உதவி ஏதும் கிடையாது. அன்று கிடைப்பது இலவச வைத்தியமே. ரொக்கமாக வரக்கூடியவற்றுள் பெரும்பாலானவை, மாடு நலமாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை. இந்த வேறுபாட்டை அறியாதவர், மாடு படுத்த பிறகு ஆபீசு ஆபீசாக அலைந்து வெறுங்கையுடன் திரும்புகிறார்.

முதலில் வைத்தியம். சர்க்கார் கால்நடை மருந்தகங்களில், அதாவது ஜனங்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் இடங்களில், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சிக்கலான நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மதுரை நகரில் தல்லாகுளத்துப் பன்முக மருத்துவமனை உளது. நடக்க இயலாத மாட்டுக்கு 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தால், நடமாடும் வைத்திய ஊர்தியில் வைத்தியரும் உதவியாளரும் மருந்துகளுடன் ஊருக்கே வருவர். ஈன்ற மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலும், வயிற்று உப்புசமும், பாம்புக்கடியும் சில மணி நேரத்தில் முடிவு காணும் நோய்களாதலின், அந்த எண்ணைத் தொழுவச் சுவரிலேயே எழுதி வைப்பது நலம்.

இலவச வைத்தியத்திலும், மருந்தகத்தில் இருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கும் செலவு நேரக்கூடும். இதைக் குறைக்கும் பொருட்டு, 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய மந்திரி சபை ‘பசு ஔஷதி’ என்னும் பகுதியை நோய்த் தடுப்புத் திட்டத்துடன் சேர்த்து 75 கோடி ரூபாய் ஒதுக்கியது. வணிகப் பெயர் இல்லாத தரமான மருந்துகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் மூலம் மலிவாக விற்பதே அதன் நோக்கம். வைத்தியரிடம் சீட்டு வாங்கும்போது மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தரக் கேட்பதில் வெட்கம் வேண்டுவதில்லை.

கைச்செலவுக்குக் கடன் வேண்டுவோர்க்குக் கிசான் கடன் அட்டை உண்டு. பயிர்க் கடனுக்கே அது உரியதென்ற எண்ணம் இன்றும் பலரிடம் காணப்படுகிறது. ஆனால் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவின்படி, தீவனம், கூலி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு கால்நடை வைத்தியச் செலவும் அதில் அடங்கும். 2 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் செலுத்துவோர்க்கு 3 சதவீதம் கழிக்கப்பட்டு 4 சதவீதமே நிற்கும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்பதும் இல்லை. அட்டை கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். மாடோ அத்தனை நாள் காத்திராது. ஆகவே தேவை நேரும் முன்பே மனுச் செய்துகொள்ள வேண்டும்.

இனி இன்ஷூரன்ஸ். இதைப் பற்றியே தவறான எண்ணங்கள் மிகுதி. சர்க்கார் மானியத்துடன் எழுதப்படும் கால்நடை இன்ஷூரன்ஸ், வைத்தியச் செலவைக் கொடுப்பதன்று. மாடு இறந்தால் அதன் விலையைக் கொடுப்பது. பில்களைச் சேர்த்து வைத்து ஈடு கேட்பதில் பயன் இல்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பிரிமியத்தில் உடையவர் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. பிரிமியம் 1,000 ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால், குடியானவர் செலுத்துவது 150. மத்திய சர்க்கார் 510. மாநில சர்க்கார் 340. ஆடுகளாயின் 10 கால்நடை அலகு வரை, அதாவது 100 ஆடுகள் வரை, மானியம் பெறலாம். ஒதுக்கப்படும் தொகைக்கு வரம்பு உண்டாகையால், ஆண்டின் தொடக்கத்திலேயே மருந்தகத்தில் பெயர் பதிந்துகொள்வது உத்தமம்.

ஈட்டுத்தொகை பெறுவதற்குக் கேட்கப்படும் பத்திரங்கள் நான்கே: இறந்த செய்தியைக் கம்பெனிக்கு அறிவித்த கடிதம், பாலிசி, மனுப் படிவம், வைத்தியரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இத்தனை எளிதாயிருந்தும் மனுக்கள் தள்ளுபடியாவது ஏன்? முதற் காரணம் காது வில்லை. பன்னிரண்டு இலக்கம் கொண்ட அவ்வில்லையே மாட்டின் அடையாளம். அது இல்லையேல் இறந்தது எழுதிவைத்த மாடுதான் என்பதற்கு ருசு இல்லை. மேய்ச்சலில் வில்லை அறுந்துவிட்டால் உடனே அறிவித்துப் புதியது போட்டு, புது எண்ணைப் பாலிசியிலும் பதியச் செய்ய வேண்டும். இரண்டாவது, தடுப்பூசி. கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய் முதலியவற்றால் இறந்த மாட்டுக்கு, ஊசி போடப்பட்டிருந்தால் மட்டுமே ஈடு என்பது பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசி செலவின்றிப் போடப்படுகிறது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் அவ்வாறே. ‘பால் குறையும்’ என்று ஊசிக்கு மாட்டை ஒளிப்பவர், சில நாட் பாலுக்காக மாட்டின் முழு விலையையும் பணயம் வைக்கிறார். மூன்றாவது, தகுதியற்றவர் செய்யும் வைத்தியம். அதனால் நேர்ந்த சாவுக்கும், கவனக் குறைவால் நேர்ந்த சாவுக்கும் கம்பெனி பொறுப்பேற்பதில்லை.

அடைப்பானால் இறந்ததென்று சந்தேகம் தோன்றும் மாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அறுத்துப் பார்க்கலாகாது. காற்றுப் பட்டால் அந்நோயின் கிருமி கடின வித்தாக மாறிப் பல்லாண்டு மண்ணில் கிடந்து, பின்னும் மாட்டையும் மனிதரையும் தாக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டுமே என்று உடையவர் அவசரப்பட வேண்டுவதில்லை. வைத்தியர் காது நரம்பிலிருந்து இரத்தத் துளி எடுத்துச் சோதித்து அதனை எழுதித் தருவார். பிணத்தைத் தோலுரியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

பாலிசியில் குறித்த உபயோகத்துக்கு வேறாக மாட்டைப் பயன்படுத்துகையில் நேரும் சாவுக்கு ஈடு இல்லை என்பதும் பொதுவான நிபந்தனையே. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களுக்குப் புலிக்குளம் காளை வளர்ப்போர், இனவிருத்திக்கென எழுதிய பாலிசி களத்தில் நேரும் விபத்துக்குச் செல்லுமா என்பதைத் தைக்கு முன்பே கேட்டு எழுத்தில் பெற வேண்டும். மாட்டையோ ஆட்டையோ விற்றாலும், மீதிக் காலத்துக்குரிய பாலிசி உரிமையை வாங்கியவர் பெயருக்கு மாற்றாவிடில் இருவருக்கும் பயன் இல்லை. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறும் ஆடுகளின் விஷயத்தில் இதை நினைப்பவர் எத்தனை பேர்?

தோட்டத்தையும் கிடையையும் காக்கும் நாய்களுக்கு இம்மானியத் திட்டத்தில் இடமில்லை. நாய்க்கெனத் தனிப் பாலிசி விற்கும் கம்பெனிகள் உண்டு. அதன் முழுப் பிரிமியமும் உடையவரைச் சார்ந்தது. ஆயினும் சர்க்கார் மருந்தகத்தில் நாய்க்கும் வைத்தியம் செய்யப்படும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று எஞ்சியுளது. புயல், வெள்ளம் முதலிய இயற்கைச் சேதத்தில் இறந்த கால்நடைக்குப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி உண்டு. 2022-23 முதல் 2025-26 வரைக்கு வகுத்த விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000 என நிர்ணயம் செய்யப்பட்டது. நோயால் இறந்ததை இதில் சேர்ப்பதற்கில்லை. வெள்ளத்தில் பிணம் அடித்துச் செல்லப்பட்டபின் எண்ணிக்கையை மெய்ப்பிப்பது கடினமாதலால், ஊரிலுள்ள கால்நடைகளின் காது வில்லை எண்களை உடையவர் பெயருடன் மருந்தகத்திலிருந்து பெற்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிராமச் சாவடிப் பதிவேட்டில் ஏற்றி வைத்தல் வேண்டும்.