ஒடுங்கிய இடத்தில் உழவு இயந்திரத்தை உயர்த்துதல்: ஏற்ற நீரியல் ஜக்கைத் தெரிவு செய்யும் முறை

காலபோகத்துக்கு மழை விழுந்து நிலம் பதமாகும் நாட்களில், உழவு இயந்திரம் ஒன்று ரயருக்குக் காற்றுப் போய்க் கொட்டிலினுள்ளே கிடக்குமாயின், அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி அதனை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் அயல் வயற்காரருக்கும் விதைப்புப் பிந்துகிறது. அவ்வவசரத்தில் கைக்கு எட்டிய ஜக்கை எடுத்து, அகப்பட்ட கல்லின் மேல் வைத்து, இயந்திரத்தை உயர்த்திவிட்டு அதன் அடியிற் புகுவோர் பலர். கொட்டிலின் ஒரு பக்கத்திற் சுவரும் மறுபக்கத்தில் நெல் மூடைகளும் இருக்க, ஜக்கின் பிடியை ஆட்டுவதற்கும் இடமின்றித் தவிப்பதும் உண்டு. இவ்விடர்களிற் பெரும்பாலானவை ஜக்கை வாங்கிய நாளிலேயே தொடங்கியவை. எத்தனை தொன் தூக்கும் என்பதை மட்டும் கேட்டு வாங்கப்படும் ஜக்கு, வேண்டிய வேளையில் அச்சின் கீழே நுழையாமற் போகிறது.

ஜக்கு பாரத்தைத் தூக்கும் விதம்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் அத்திரவம் எங்கும் குறையாது பரவும் என்பது பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால் கண்ட விதியாகும். இவ்விதியைக் கொண்டு 1795 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யோசேப்பு பிராமா என்பவர் நீரியல் அழுத்திக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்றைய ஜக்கும் அவ்வழி வந்ததே. நீருக்குப் பதிலாக எண்ணெய் இருக்கிறது.

ஜக்கினுள்ளே சிறு முசலம் ஒன்றும் பெரு முசலம் ஒன்றும் உள்ளன. சிறியதன் விட்டம் 1 சதமமீற்றரும் பெரியதன் விட்டம் 4 சதமமீற்றரும் எனக் கொள்வோமாயின், பெரியதன் பரப்பு சிறியதன் பரப்பிலும் 16 மடங்காகும். பிடியானது நெம்புகோலாக நின்று கையின் விசையை 20 மடங்காக்குமெனின், 15 கிலோகிராம் விசையுடன் அமுக்கும் ஒருவர் 15 × 20 × 16, அதாவது 4,800 கிலோகிராம் பாரத்தை உயர்த்தலாம். உராய்வினால் இது சற்றுக் குறையும்.

எனினும் வலு கூடிய அளவுக்கு அசைவு குறைகிறது. சிறு முசலம் 2 சதமமீற்றர் இறங்கினாற் பெரு முசலம் 1.25 மில்லிமீற்றரே உயரும். 10 சதமமீற்றர் உயர்த்துவதற்குப் பிடியை 80 முறை முழுமையாக அமுக்க வேண்டும். பிடியைப் பாதித் தூரமே அசைக்கக்கூடிய ஒடுங்கிய இடத்தில் அது 160 முறையாகும். ஆகவே, பிடிக்கு வேண்டிய வெளியையும் அளந்த பின்னரே ஜக்கைத் தெரிவு செய்தல் வேண்டும்.

ஏறிய எண்ணெய் திரும்பாமற் காப்பது ஒரு சிறு உருக்குக் குண்டு. அக்குண்டின் கீழே ஒரு மணற்பரல் அகப்பட்டாலும் பாரம் மெல்ல இறங்கும். முத்திரை வளையம் கிழிந்தால் விரைந்து இறங்கும். நீரியல் ஜக்கு உயர்த்துவதற்கு உரியதேயன்றித் தாங்கி நிற்பதற்கு உரியதன்று என்பதன் காரணம் இதுவே.

பாரத்தைக் கணித்தல்

நடுத்தரமான நான்கு சில்லு உழவு இயந்திரம் ஏறக்குறைய 2,000 கிலோகிராம் நிறையுள்ளது. முன்சில்லுகள் சிறியனவாயுள்ள இயந்திரங்களில் இந்நிறையில் மூன்றில் இரண்டு பங்கு வரையிற் பின்னச்சில் இருக்கும். ஒரு முனையை மட்டும் உயர்த்தும்போது முழு நிறையும் ஜக்கின் மேல் வருவதில்லை. ஆயினும் பின் ரயர்களில் நீர் நிரப்பப்பட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீர் இருத்தல் கூடும். இரும்புப் பாரங்களும் பின்னாற் பூட்டிய கலப்பையும் இதனோடு சேரும். சேற்றிற் புதைந்த சில்லைச் சேறு பற்றி இழுப்பதனால் தொடக்கத்தில் மேலும் விசை வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் கூட்டி, வரும் பாரத்திலும் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வலுவுள்ள ஜக்கைக் கொள்வது தக்கது. நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு 5 தொன் ஜக்கு தாராளமாகப் போதும். மூன்று தொன்னும் அதற்கு மேலும் நிறையுள்ள சங்கிலிச் சில்லு அறுவடை இயந்திரத்துக்கு 10 தொன் ஜக்கு வேண்டும். தொன் என்பதும் எங்கும் ஓரளவினதன்று. மெற்றிக்குத் தொன் 1,000 கிலோகிராம். பழைய பிரித்தானியத் தொன் 1,016 கிலோகிராம். அமெரிக்கத் தொன் 907 கிலோகிராம். பழைய ஜக்குகளை வாங்குவோர் இதனைக் கவனித்தல் நன்று.

வலு கூடிய ஜக்கே எப்பொழுதும் சிறந்தது என்று எண்ணி 20 தொன் ஜக்கை வாங்குவோரும் உளர். வலு கூடக்கூட ஜக்கின் உயரமும் நிறையும் கூடுகின்றன. திறந்த வெளியில் இது குறையன்று. ஒடுங்கிய இடத்தில் இதுவே பெருங் குறையாகும்.

இடைவெளியை அளத்தல்

ஒவ்வொரு ஜக்குக்கும் இரண்டு உயரங்கள் உள. முசலம் முற்றாக இறங்கியபோது உள்ளது மூடிய உயரம். முற்றாக ஏறியபோது உள்ளது முழு உயரம். மூடிய உயரம் இயந்திரத்தின் அடியிலுள்ள இடைவெளியிலும் குறைவாக இருத்தல் வேண்டும். முழு உயரம், அவ்விடைவெளியுடன் இயந்திரம் உயர வேண்டிய அளவையும் கூட்டி வரும் தொகையிலும் அதிகமாக இருத்தல் வேண்டும். இவ்வளவு எளிய கணக்கிலும் மூன்று இடங்களிற் பிழை நேர்கிறது.

முதலாவது, நல்ல ரயருடன் இயந்திரம் நிற்கும்போது இடைவெளியை அளப்பது. காற்றுப் போனதும் அச்சுத் தாழ்ந்து இடைவெளி சுருங்கிவிடும். ஆகவே, மிகத் தாழ்ந்த நிலையிலேயே அளத்தல் வேண்டும். இரண்டாவது, ஜக்கின் கீழே இடும் பலகையின் கனத்தை மறப்பது. மூன்றாவது, பாரம் ஏறும்போது அப்பலகை மண்ணில் எவ்வளவு அமிழும் என்பதை எண்ணாதிருப்பது.

ஓர் உதாரணம் காட்டலாம். சேற்றில் அமிழ்ந்த இயந்திரத்தின் அச்சுக்கும் நிலத்துக்கும் இடையே 24 சதமமீற்றர் இருக்கிறது. சில்லைக் கழற்றுவதற்கு 11 சதமமீற்றர் உயர்த்த வேண்டும். கையிலுள்ள ஜக்கின் மூடிய உயரம் 22, ஏற்றம் 14, முழு உயரம் 36. தேவையானது 24 உம் 11 உம் சேர்ந்த 35 ஆதலால் இந்த ஜக்கு பொருந்தும் போலத் தோன்றும். ஆனால் மண் இளகியதாகையால் 5 சதமமீற்றர் கனமான பலகை இட்டே ஆகவேண்டும். பலகை இட்டதும் எஞ்சுவது 19 சதமமீற்றர். ஜக்கு உள்ளே நுழையாது.

இந்நிலையிற் பலகையை விட்டுவிட்டு ஜக்கை வெறும் மண்ணில் வைப்பதே பலரும் செய்வது. அதுவே விபத்துக்கு வழி. மூடிய உயரம் 17, ஏற்றம் 9 உள்ள சிறிய ஜக்கு ஒன்று இருக்குமாயின் இரண்டு படிகளில் வேலை முடியும். பலகையின் மேல் அதனை வைத்து முழுதும் ஏற்றினால் அச்சு 7 சதமமீற்றர் உயர்ந்து, இடைவெளி 31 ஆகும். உடனே அச்சின் கீழே 30.5 சதமமீற்றர் உயரத்துக்கு மரக்குற்றிகளை அடுக்கி, பாரத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். பின்னர் பலகைக்கும் ஜக்குக்கும் இடையே 6 சதமமீற்றர் கனமான வைரக்கட்டையை இட்டால், ஜக்கு 28 இல் நின்று 37 வரை ஏறும். தொடக்கத்தில் இருந்த 24 இலிருந்து 13 சதமமீற்றர் உயர்வு கிடைக்கிறது, வேண்டியது 11. குறைந்த ஏற்றமுள்ள ஜக்கைக் குறையுடையதெனத் தள்ளிவிடுதல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

சில ஜக்குகளின் தலையில் திருகாணி ஒன்று உண்டு. அதனைக் கையால் வெளியே திருகினால் உயரம் கூடும். ஆயின் அது மூடிய உயரத்தைக் குறைப்பதில்லை.

எவ்விடத்துக்கு எவ்வகை

போத்தல் வடிவ ஜக்கே மலிவானதும் எங்கும் கிடைப்பதுமாகும். இடைவெளி 20 சதமமீற்றருக்கு மேற்பட்டிருந்தால் இதுவே போதும். இதனை நிமிர்த்தியே பயன்படுத்துதல் வேண்டும். சரித்து வைத்தாற் பம்பியினுள் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றுப் புகுந்து, பிடி ஆடும், பாரம் ஏறாது.

சில்லுப் பூட்டிய தள்ளு ஜக்கு தாழ்ந்த இடத்திலும் நுழையும். பிடியும் வெளியே நீண்டிருக்கும். ஆனால் அதன் கை வளைவாக ஏறுவதால், ஏறும்போது ஜக்கு சிறிது உருள வேண்டும். சீமெந்துத் தரையில் அது தானே உருளும். மண்ணில் உருளாது நின்று பாரத்தைப் பக்கமாக இழுக்கும். வயலுக்கு இது ஆகாது.

நெல் அரைக்கும் ஆலைகளில் இயந்திரத்தின் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் வெளியே இருக்கும். அவ்விடத்துக்கு உரியது நக ஜக்கு. அதன் பக்கத்தில் நீண்டிருக்கும் உருக்கு நகம் தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று சதமமீற்றர் உயரத்திலேயே பாரத்தைப் பற்றும். தலையினால் தூக்கும் பாரத்திற் பாதியையே நகத்தினால் தூக்கும் ஜக்குகள் பல. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

குழாய் மூலம் தனியான கைப்பம்பியுடன் இணைக்கப்பட்ட தட்டை உருளை ஜக்கு மற்றொரு வகை. 10 தொன் தூக்கும் தட்டை உருளை ஏறக்குறைய 4 சதமமீற்றர் உயரமே உடையது. ஏற்றமும் ஒரு சதமமீற்றருக்குச் சற்றே மேற்பட்டது. பம்பியை இயக்குபவர் ஒடுங்கிய இடத்துக்கு வெளியே நிற்கலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு. விலை அதிகமாகையால் தனி ஒருவரிலும் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்போ வாங்கி வைத்திருப்பது பொருந்தும்.

எவ்வகையாயினும், பாரத்தை இறக்கும் திருகு எப்பக்கம் இருக்கிறதென்று பார்த்தல் வேண்டும். ஜக்கை வைத்த பின்னர் அத்திருகு சுவர்ப்பக்கம் அகப்பட்டுக்கொண்டால், அதனைத் திறப்பதற்கு உயர்த்திய பாரத்தின் கீழே கையையும் தலையையும் நீட்ட நேரும்.

நிலமும் தாங்கும் குற்றியும்

ஜக்கின் அடி 10 சதமமீற்றர்ச் சதுரமாயின் அதன் பரப்பு 100 சதுர சதமமீற்றர். 2,000 கிலோகிராம் பாரம் வந்தால் ஒவ்வொரு சதுர சதமமீற்றரும் 20 கிலோகிராம் தாங்க வேண்டும். ஈரமான வயல் மண் இதனைத் தாங்காது. 50 சதமமீற்றர் நீளமும் 40 சதமமீற்றர் அகலமும் உள்ள உறுதியான பலகையை இட்டால் அது ஒரு கிலோகிராமாகக் குறைகிறது. உழவு இயந்திரத்தின் பின் ரயர் நிலத்தை அமுக்குவதும் ஏறக்குறைய அவ்வளவே. பலகை வளையுமாயின் பாரம் முழுப்பரப்பிலும் பரவாது. ஆதலால் பாலை, முதிரை போன்ற வைர மரமே ஏற்றது.

உயர்த்திய பாரத்தைத் தாங்குவதற்குச் சதுரமாக அறுத்த மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குதல் வேண்டும். அல்லது இரும்புத் தாங்கியை வைக்கலாம். உருண்டையான தென்னங்குற்றி புரளும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் இதற்கு முற்றாக விலக்கப்பட வேண்டியவை. மரம் பாரம் மிகுந்தாற் கிறீச்சிட்டு நசுங்கி எச்சரிக்கும். சீமெந்துக் கல்லோ எவ்வித அறிகுறியுமின்றி ஒரு கணத்தில் நொறுங்கிவிடும். கிணற்றடிகளிலும் வீட்டுக் கோடியிலும் எளிதில் அகப்படுவது அக்கல்லே என்பதால் இதனை எத்துணை வற்புறுத்தினும் தகும்.

பின்சில்லு ஒன்றை உயர்த்துமுன் இயந்திரத்தைக் கியரில் நிறுத்தியிருப்பதை நம்புதல் கூடாது. பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல் காரணமாக, உயர்த்திய சில்லு சுழன்று இடங்கொடுக்க, நிலத்திலுள்ள சில்லு உருளக்கூடும். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு இடுதல் வேண்டும். முன்பக்கத்தை நடுவிலே உயர்த்துவதானால் மற்றுமோர் ஆபத்து உண்டு. முன்னச்சு நடு ஆணியில் ஊசலாடும்படி அமைந்துள்ளமையால், இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்புகளை இறுக்கிய பின்னரே உயர்த்துதல் வேண்டும்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

தொன் அளவும் இரு உயரங்களும் பொறிக்கப்படாத ஜக்கை வாங்காதிருத்தல் நன்று. கடையில் அதனைப் பாரத்தின் கீழே வைத்துச் சிறிது உயர்த்தி, பத்து நிமிடம் விட்டு, இறங்குகிறதா என்று அளந்து பார்த்தல் வேண்டும். முசலத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தாலும், முசலத்திற் கீறலோ துருவோ காணப்பட்டாலும் விலையை எண்ணி ஏமாறுதல் கூடாது.

எண்ணெய் குறைந்தால், முசலத்தை முற்றாக இறக்கிவிட்டு, ஜக்குக்கென விற்கப்படும் நீரியல் எண்ணெயையே விடுதல் வேண்டும். பிறேக்கு எண்ணெய் விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ஜக்கின் இறப்பர் வளையங்களை ஊதிப் பழுதாக்கும். பிடி துவண்டு ஆடினாற் காற்றுப் புகுந்திருக்கிறது எனக் கொண்டு, இறக்கும் திருகைத் திறந்துவிட்டுப் பாரமின்றிப் பலமுறை பம்பி, பின் திருகை மூட வேண்டும்.

வேலை முடிந்ததும் சேற்றைத் துடைத்து, முசலத்தை முற்றாக இறக்கி, ஜக்கை நிமிர்த்தி வைக்க வேண்டும். பசளை மூடைகளின் அருகே வைத்தால், ஈரத்திற் கசியும் உப்பு முசலத்தைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். கொட்டிலின் மறு மூலையே அதற்கு இடம்.